வழிகாட்டி இல்லாமல் மலைக்காட்டில் கருங்கரடி வேட்டை: கேள்வி பதில்

அமெரிக்காவின் மொண்டானா, ஐடஹோ மாநில எல்லையில் நீளும் பிட்டர்ரூட் மலைத்தொடரில், வசந்தகாலக் கருங்கரடி வேட்டைக்குத் தாமே திட்டமிடுவோரின் கேள்விகளும், அம்மலைகளில் நீண்ட காலம் வேட்டையாடிய ஒருவரின் பதில்களும்.

கேள்வி: நான் வெளிமாநிலத்தவன். வழிகாட்டியை அமர்த்தாமல் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்கிறதா?

பதில்: இவ்விரு மாநிலங்களிலும் இடம் உண்டு. பக்கத்திலுள்ள வயோமிங்கில், கூட்டாட்சி அரசு பாதுகாத்த வனாந்தரப் பகுதிகளுக்குள் வெளிமாநிலத்தவர் தனியாகக் கரடி வேட்டைக்குப் போக முடியாது. மொண்டானாவில் உரிமம் வாங்குவதற்கு முன்பே, கரடி இனங்களை அடையாளம் காணும் தேர்வில் தேறியிருக்க வேண்டும். இரை வைத்துக் கரடியை வரவழைப்பது அங்கே குற்றம்; ஐடஹோவின் பல பகுதிகளில் அதற்கு அனுமதி உண்டு. விதிகள் மாறக்கூடியவை என்பதால், நீங்கள் போகும் பகுதிக்குரிய நடப்பு ஆண்டு விதிப்புத்தகத்தை வரிவிடாமல் படியுங்கள்.

கேள்வி: வரைபடத்தில் எல்லாம் ஒரே காடாகத் தெரிகிறது. எங்கே தேடத் தொடங்குவது?

பதில்: புல்லைத் தேடுங்கள்; கரடி அங்கே வரும். குளிர்கால உறக்கம் கலைந்து வெளியே வரும் கரடிக்கு முதலில் கிடைக்கும் உணவு இளம்புல்லே. வெயில் அதிகம் படும் தெற்கு நோக்கிய சரிவுகளிலும், பனிச்சரிவு மரங்களை வாரிக்கொண்டு போன வெட்டவெளிகளிலும், கைவிடப்பட்ட மரவெட்டுப் பாதைகளின் ஓரங்களிலும் அது முதலில் தளிர்க்கிறது. வெயில் ஏற ஏறப் பனிக்கோடு மேலே போகும், பசுமையும் அதைத் தொடர்ந்து ஏறும். ஆகவே ஏப்ரல் இறுதியில் அடிவாரத்தில் பார்த்த சரிவையே மே இறுதியிலும் நம்பியிருக்கக் கூடாது. எதிர்ச்சரிவில் அமர்ந்து, முக்காலியில் பொருத்திய தொலைநோக்கியால் பிற்பகலிலிருந்து இருட்டும்வரை பொறுமையாகப் பாருங்கள். காலால் அலைந்து தேடுபவரின் வாடையைக் கரடி முன்பே பிடித்துவிடும்.

கேள்வி: கறுப்பாக இருந்தால் கருங்கரடி, பழுப்பாக இருந்தால் சட்டம் காக்கும் மற்றொரு கரடி இனமான கிரிஸ்லி என்று கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. கருங்கரடியிலேயே கறுப்பு, பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், வெளிர்மஞ்சள் என எல்லாம் உண்டு. உருவமும் கைவிடும், ஏனெனில் இளம் கிரிஸ்லி பெரிய கருங்கரடியைவிடச் சிறியதாக இருக்கலாம். கிரிஸ்லிக்குத் தோளில் தசைத்திமில் எழுந்து நிற்கும். முகம் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே குழிந்திருக்கும். காது குட்டையாக உருண்டிருக்கும். கருங்கரடிக்கு நெற்றியிலிருந்து மூக்குவரை ஏறக்குறைய நேர்கோடு, காது நீண்டு நிமிர்ந்திருக்கும், நிற்கும்போது இடுப்பு தோளைவிட உயர்ந்து தெரியும். கரடி தலையைத் தாழ்த்தினால் கருங்கரடிக்கும் திமில் இருப்பதுபோல் தோன்றும் என்பதால், ஓர் அடையாளத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், அது நடந்து திரும்பித் தலைதூக்கும்வரை காத்திருந்து எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள்.

‘இந்த மலையில் கிரிஸ்லியே இல்லை’ என்று யாராவது சொன்னால் அதை நம்பித் துப்பாக்கியைத் தூக்காதீர்கள். 2007 செப்டம்பரில் பிட்டர்ரூட்டின் ஐடஹோ பக்கத்தில், கருங்கரடி என்று எண்ணி ஒரு வேட்டைக்காரர் சுட்டது கிரிஸ்லியாக இருந்தது. 1946-க்குப் பின் அப்பகுதியில் உறுதிசெய்யப்பட்ட முதல் கிரிஸ்லி அதுவே. 1975 முதல் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் ஓர் இனம் தானாக நடந்து பழைய மண்ணுக்குத் திரும்பிய வேளையில் அப்படி முடிந்தது எனக்கு இன்றும் வலிக்கிறது. ஐயம் இருக்கும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது.

கேள்வி: தனியாக நிற்பது பெண் கரடியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: தொலைவிலிருந்து உறுதியாகச் சொல்வது கடினம். குட்டியுடன் இருக்கும் பெண் கரடியைச் சுடுவது இரு மாநிலங்களிலும் குற்றம். ஆனால் தாய் புல் மேயும்போது குட்டிகள் மரத்தின் மேலோ புதருக்குள்ளோ மறைந்திருக்கும். சுற்றியுள்ள மரக்கிளைகளையும் புதர் விளிம்புகளையும் அரைமணி நேரமாவது தொலைநோக்கியில் துழாவுங்கள். ஆண் கரடிகள் பொதுவாக முதலில் குகையை விட்டு வரும், புதுக்குட்டி ஈன்ற தாய்கள் கடைசியாக வரும். பருவத் தொடக்கத்தில் போவதில் இந்த நன்மை உண்டு.

கேள்வி: காட்டுக்குள் எவ்வளவு தூரம் போகலாம்?

பதில்: உங்கள் முதுகு எவ்வளவு தூரம் சுமக்குமோ அவ்வளவு தூரம். திட்டத்தை அங்கிருந்தே தொடங்குங்கள். 1964-இல் பாதுகாக்கப்பட்ட செல்வே-பிட்டர்ரூட் வனாந்தரம் ஏறத்தாழ 13 இலட்சம் ஏக்கர். அதற்குள் வாகனம் மட்டுமல்ல, மிதிவண்டியும் இறைச்சி ஏற்றும் கைவண்டியும்கூடக் கூடாது. இறைச்சி, தோல், மண்டை ஓடு, முகாம் எல்லாமாகச் சேர்ந்தால் ஒரே நடையில் முடியாது. ஆற்றுக்கு அப்பால், செங்குத்துப் பள்ளத்துக்குக் கீழே நிற்கும் கரடி எவ்வளவு அழகாக இருந்தாலும், கொண்டுவர வழியில்லையென்றால் சுடாதீர்கள். கொழுப்பும் அடர்ந்த மயிரும் உள்ளே சூட்டைப் பிடித்துவைப்பதால், விழுந்தவுடன் தோலை உரித்து, இறைச்சியைத் துணிப்பையிலிட்டு நிழலில் காற்றாட விடுங்கள். ஐடஹோவில் 10 நாட்களுக்குள் தோலையும் மண்டை ஓட்டையும் வனவிலங்குத் துறையிடம் காட்ட வேண்டும்.

கேள்வி: இறைச்சியை உறைய வைத்தால் புழு செத்துவிடுமா?

பதில்: சாகாது. கரடி இறைச்சியில் இருக்கக்கூடிய டிரிக்கினெல்லா என்னும் ஒட்டுண்ணிப் புழுவின் இனங்கள் சில உறைகுளிரையும் தாங்குபவை. உப்பிடுதல், உலர்த்துதல், புகையூட்டுதல் ஆகியவற்றையும் நம்ப முடியாது. 2022-இல் ஒரு குடும்ப விருந்தில், 45 நாட்கள் உறைய வைத்த கரடி இறைச்சி சரியாக வேகாமல் பரிமாறப்பட்டு ஆறு பேர் நோயுற்றனர். அவர்களில் இருவர் இறைச்சியைத் தொடவே இல்லை, அதனுடன் சேர்த்துச் சமைத்த காய்கறியை மட்டுமே உண்டவர்கள். நடுப்பகுதி 71 டிகிரி செல்சியஸை எட்டியதா என்று வெப்பமானியைக் குத்திப் பாருங்கள். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: கரடியைத் தவிர வேறு எதற்கு அஞ்ச வேண்டும்?

பதில்: ஓடைகளுக்கு. பகல் வெயிலில் உருகும் பனி நீராகிக் கீழே வந்துசேரச் சில மணி நேரமாகும். காலையில் முழங்காலளவில் கடந்த ஓடை மாலையில் ஆளை இழுத்துச் செல்லும். எனவே கடப்பதை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் வெள்ளம் பெருகியிருந்தால் அக்கரையிலேயே இரவைக் கழிக்க ஒரு நாள் உணவை மிகுதியாக எடுத்துச் செல்லுங்கள். அந்தத் தாமதத்தைச் செயற்கைக்கோள் கருவி வழியாக வீட்டுக்குத் தெரிவித்துவிடுங்கள்.