வேகவைத்த உருளைக்கிழங்கில் சவ்வூடு பரவல் நடக்காது

சவ்வூடு பரவலை, அதாவது மெல்லிய படலம் வழியே அடர்த்தி குறைந்த கரைசலிலிருந்து அடர்த்தி மிகுந்த கரைசலுக்குத் தண்ணீர் போவதைக் காட்ட, உருளைக்கிழங்கில் குழி தோண்டி, அதில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, தண்ணீருள்ள தட்டில் வைக்கும் சோதனையைச் செய்தேன், குழி தோண்டச் சுலபமாக இருக்கும் என்று கிழங்கை வேகவைத்தேன், இரண்டு மணி நேரமாகியும் சர்க்கரைக் கரைசல் ஏறவே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிக்கலே அந்த வேகவைத்ததில்தான்.

இந்தச் சோதனையில் வேலை செய்வது செல்லைச் சுற்றியுள்ள பிளாஸ்மா படலம். அது தண்ணீரை விடும், சர்க்கரையை எளிதில் விடாது. அதனால்தான் வெளித் தண்ணீர் செல் செல்லாகக் கடந்து குழிக்குள் சேர்கிறது. கொதிநீரில் அந்தப் படலம் சிதைந்துவிடும். செல் சுவர் மிஞ்சும், ஆனால் அது சர்க்கரையையும் தடுக்காது. பிறகு எப்படி மட்டம் ஏறும்?

பச்சைக் கிழங்கை எடுங்கள். தோலைச் சீவிவிடுங்கள், அதிலுள்ள தக்கை அடுக்கு தண்ணீரைத் தடுக்கும். அடியைத் தட்டையாக வெட்டி, ஓட்டை விழாமல் குழியை ஆழமாகத் தோண்டுங்கள். பாதிவரை அடர்த்தியான சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்தில் குண்டூசி குத்துங்கள். வெளித் தண்ணீர் குழியின் விளிம்புக்குக் கீழேயே இருக்கட்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு பாருங்கள்.

அப்புறம், அந்த வெந்த கிழங்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பச்சைக் கிழங்கின் பக்கத்திலேயே வையுங்கள், ஒப்பீட்டுக்கு அதைவிட நல்லது கிடைக்காது.