கார்டாவா, கார்டீயா?

தம்பி, டப்ளின் வந்து இறங்கின கையோட நல்ல கேள்வி கேட்டிருக்கீங்க. போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல 'கார்டா'ன்னு போட்டிருக்கு, ரேடியோ செய்தியில 'கார்டீ'ங்கிறாங்க, ரெண்டும் வேற வேற டிபார்ட்மெண்டா, சைக்கிள் திருடு போனா எங்க போகணும்னு.

ரெண்டும் ஒரே அயர்லாந்து போலீஸ்தான். ஒருத்தர்னா கார்டா, ரெண்டு பேர்னா கார்டீ.

நானும் இதுல வழுக்கினவன்தான். வந்த ரெண்டாம் வருஷம் சைக்கிள் போச்சு. ஸ்டேஷன் கவுண்டர்ல போய் 'கார்டீஸ்' உதவி வேணும்னேன். 'மரங்கள்ஸ்'னு சொல்ற மாதிரி! "நான் ஒருத்திதானே இருக்கேன்"னு சிரிச்சுக்கிட்டே ஃபாரத்தை நீட்டினாங்க அந்த அம்மா.

படையோட முழுப் பேர் 'அன் கார்டா ஷீயகானா'. அமைதியின் காவல்னு அர்த்தம். ஐரிஷ் மொழியில அமைதிக்கு 'ஷீயகான்', அதோட கடைசியில ஒரு 'அ' ஒட்டினா 'அமைதியின்' ஆயிடும். நாம 'மரம்', 'மரத்து'ன்னு மாத்துற மாதிரிதான், ஆனா வரிசை தலைகீழ்: காவல் முதல்ல, அமைதி அப்புறம். 1922ல படை ஆரம்பிச்சப்ப இங்கிலீஷ்ல 'சிவிக் கார்ட்'னு பேர். 1923லதான் இது வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அமைதி மட்டும்தான் சொந்த ஐரிஷ் சரக்கு. 'கார்டா' பிரெஞ்சு மூலத்துல இருந்து வந்த இரவல், இங்கிலீஷ் 'கார்ட்' இருக்கே, அதோட உடன்பிறப்பு. ஊர்க்காரங்க பேச்சுல இன்னும் 'த கார்ட்ஸ்'தான். நீங்களும் தைரியமா அப்படியே சொல்லலாம்.

எனக்குப் பிடிச்சது வேற. நமக்குச் சொல்லோட வால்தான் மாறும், இவங்களுக்குத் தலையும் மாறும். ஐரிஷ்ல ஒரு கார்டாவை விளிச்சுக் கூப்பிட்டா அந்த முதல் 'க' மெலிஞ்சு, நம்ம 'மகன்'ல வர்ற 'க' மாதிரி ஆயிடும். நாம அதை வாயோட விட்டுடுவோம், இவங்க ஜி-க்குப் பின்னாடி ஒரு ஹெச் போட்டு எழுத்துலயும் காட்டுவாங்க. 1959ல பெண்கள் படையில சேர்ந்தப்ப, பெண்ணைக் குறிக்கிற 'பன்' முன்னாடி ஒட்டி 'பன்கார்டா'ன்னாங்க. அதுலயும் அதே ஹெச். இப்ப அந்தப் பேர் போயிடுச்சு, எல்லாரும் கார்டாதான்.

அவசரம்னா 999, இல்லேன்னா 112. சைக்கிள்னா பக்கத்து ஸ்டேஷனுக்கு நேர்ல போங்க, ஃப்ரேம் நம்பர் கேப்பாங்க. பெரும்பாலும் பெடலுக்கு நடுவுல, ஃப்ரேமோட அடிப்பக்கம் பொறிச்சிருக்கும். வண்டியைக் கவுத்துப் போட்டு இன்னிக்கே ஒரு போட்டோ எடுத்து வைங்க.