பீரோவில் இருக்கும் பாஸ்புக்

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. மருமகளோடு ஒத்துவராமல் கோபித்துக்கொண்டு போனவர், ஒன்றரை வருடமாகக் கோயம்பேடு மார்க்கெட் பக்கம் பிளாட்பாரத்தில் படுக்கிறார். விடியற்காலையில் லோடு இறங்கும் இடத்தைக் கூட்டிப் பெருக்கி ஏதோ சம்பாதிக்கிறார். மாநகராட்சி ஆட்கள் இரண்டு முறை ராத்திரியில் வந்து வீடற்றோர் காப்பகத்துக்குக் கூப்பிட்டும் போகவில்லை. அவருடைய ஆதார், பாஸ்புக், முதியோர் பென்ஷன் வருகிற ஏடிஎம் கார்டு எல்லாம் என் பீரோவில் பத்திரமாக இருக்கின்றன. அரசாங்கமே அவரைக் கட்டாயப்படுத்திச் சேர்க்க வழியில்லையா?
– பெயர் வேண்டாம், சென்னை

பதில்: பத்திரமாக என்றால், யாரிடமிருந்து பத்திரமாக? ஒன்றரை வருடம் என்பது 18 மாதப் பென்ஷன். அதை யார் எடுத்தார்கள் என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் எடுத்திருந்தால் அது திருட்டு. எடுக்காமல் விட்டிருந்தாலும், தன் பெயரில் பணம் இருந்தும் 68 வயதில் அவர் துடைப்பம் பிடிக்கிறார் என்றுதான் அர்த்தம்.

கட்டாயப்படுத்த முடியாது. காப்பகம் சிறைச்சாலை இல்லை. மனநோயோடு தெருவில் திரிபவராக இருந்தால், 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி போலீஸ் அவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். உழைத்துச் சாப்பிடுகிற உங்கள் அப்பாவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது.

அவர் மறுப்பதும் வீம்பு அல்ல. ராத்திரி வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊரின் இன்னொரு மூலையில் இறக்கிவிட்டால், விடிவதற்குள் அவர் எப்படி மார்க்கெட்டுக்கு வந்து சேருவார்? வேலை போய்விடும். இப்படிச் சேர்க்கப்படுகிறவர்களில் சிலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். பகலில் மாநகராட்சியின் 1913 உதவி எண்ணுக்குப் பேசி, கோயம்பேட்டுக்குப் பக்கத்தில் ஆண்களுக்கோ முதியவர்களுக்கோ எந்தக் காப்பகம் இருக்கிறது என்று கேளுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள். விடியுமுன் கதவு திறந்துவிடுவார்களா, படுக்கை கீழ்த்தளத்திலா, ராத்திரி எழுந்து போகக் கழிவறை எத்தனை தூரம், மூட்டையை வைத்துப் பூட்ட இடம் உண்டா என்று அங்கிருப்பவரிடம் விசாரியுங்கள். மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் வகுத்த விதிப்படி ஆளுக்கு 50 சதுர அடி இடமும் பூட்டி வைக்கும் வசதியும் தர வேண்டும். பாயைத் தூக்கி மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அந்த பீரோவைத் திறங்கள். பாஸ்புக்கில் வரவு செலவைப் பதிந்து, எடுத்த பணம் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். ஏடிஎம் ரகசிய எண்ணை அவரே மாற்றிக்கொள்ளட்டும். ஆதாரில் பதிந்திருக்கும் செல்போன் எண் யாருடையது? உங்களுடையதாக இருந்தால் ஆதாருக்கான ஓடிபி உங்களுக்குத்தான் வரும். ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போய் எண்ணை மாற்றுங்கள். உழைத்துத் தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். காப்பகத்தில் சேர்ந்துவிட்டால் அதன் பொறுப்பாளர் தரும் சான்றிதழை ஆதாரில் முகவரிச் சான்றாக ஏற்பார்கள். பிளாட்பாரத்திலேயே இருந்தாலும் ஓட்டுரிமை உண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாமல் இருந்து படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒரு ராத்திரிக்கு மேல் நேரில் வந்து பார்த்து உறுதி செய்வார். முகவரிச் சான்று வேண்டியதில்லை.

அரசாங்கத்தின் கடமையைக் கேட்டீர்கள். ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், வருடம் முழுக்க 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே உத்தரவிட்டது. அந்தப் படுக்கை வீடற்ற எவருக்கும் உண்டு. ஆனால் உங்கள் அப்பாவுக்கு நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் கடமைக்கும் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் அவர் மனு கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லலாம். அதற்கு வக்கீல் வேண்டாம். அவரால் முடியாவிட்டால், அவர் அதிகாரம் கொடுக்கிற தொண்டு நிறுவனம் அவருக்காக மனு கொடுக்கலாம். பெற்றவரைக் கைவிட்டால் 3 மாதம் வரை சிறை. கோபித்துக்கொண்டு போனது அவர்தானே என்று சொல்வது பெற்ற பிள்ளைக்கு அழகல்ல; மாமனார், மருமகள் சண்டை இல்லாத வீடு ஏது?

லோடு இறங்கி முடிந்து அவர் டீ குடிக்க உட்காரும் நேரத்தில் போங்கள். தனியாகப் போங்கள். பாஸ்புக்கைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். வீட்டுக்கு வாங்க என்ற பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டு, மறுநாளும் போங்கள்.