உறுதியில் முற்றுப்புள்ளி எங்கே?

கேள்வி: சட்டப் பத்திரங்கள் ஏன் விளங்குவதில்லை என்று ஆராய்ந்தவர்களுக்கு 2022ஆம் ஆண்டின் இக் நோபல் பரிசு (முதலில் சிரிக்கவும் பின் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு) கிடைத்ததாம். சட்டம் ஆழமானது, ஆகவே விளங்காது. மேற்படி விடயத்தைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர்களும் வேண்டுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: வேண்டும். நீங்கள் சொல்லும் காரணமே பிழை என்பதைத்தான் அவர்கள் காட்டினார்கள். எரிக் மார்ட்டினெஸ், பிரான்சிஸ் மொலிக்கா, எட்வர்ட் கிப்சன் ஆகிய மூவரும் ஆங்கில ஒப்பந்தங்களைப் பிறவகை எழுத்துகளோடு ஒப்பிட்டு, வாசிப்பவரை இடறச் செய்வது சட்டக் கருத்தின் ஆழமன்று, ஒரு வாக்கியத்தின் வயிற்றுக்குள் இன்னொரு வாக்கியத்தைச் செருகும் எழுத்துப் பழக்கமே என்று கண்டார்கள்.

எங்கள் வீட்டில் பேரனார் காலத்துக் காணி உறுதி (காணி விற்பனைப் பத்திரம்) ஒன்று இருக்கிறது. 'யாழ்ப்பாணம்' என்று தொடங்கி, கோயிற்பற்று, காணியின் பெயர், பரப்பு, குளி, நான்கு எல்லைக்காரர், கிணற்றிற் பங்கு, வழிவாய்க்கால் யாவற்றையும் கடந்து, இரண்டாம் பக்கத்தின் அடியிலேதான் 'விற்று உறுதி முடித்துக் கொடுத்தேன்' என்ற வினை வருகிறது. அதற்குள் விற்றவர் யார் என்பது மறந்துபோய், மறுபடி மேலே போகவேண்டியிருக்கிறது. எல்லையைத் துல்லியமாக எழுதாவிட்டால் வேலிச் சண்டை வரும் என்பீர்கள். உண்மைதான். ஆனால் அந்த நான்கு எல்லைகளையும் நான்கு வாக்கியங்களில் எழுதினால் வேலி நகர்ந்துவிடாது.

சட்டத்தரணிகளுக்காவது இந்த நடை பிடிக்குமா என்றால், அதுவும் இல்லை. அதே ஆய்வாளர்கள் 2023இல் நூற்றுக்கு மேற்பட்ட அமெரிக்கச் சட்டத்தரணிகளிடம் சோதித்தபோது, அவர்களுக்கும் எளிய நடையே நன்றாக விளங்கியது, நினைவிலும் நின்றது. எளிய நடையில் எழுதிய ஒப்பந்தமும் சட்டப்படி அதே அளவுக்குச் செல்லும் என்றே அவர்கள் மதிப்பிட்டார்கள்.

பின் யார்தான் இதை விரும்புகிறார்கள்? 2024இல் வெளியான ஆய்வில், சட்டம் படிக்காத ஏறத்தாழ 200 பேரிடம் திருட்டு, தீவைப்பு போன்ற குற்றங்களைத் தடுக்கும் சட்டமொன்றை எழுதச் சொன்னார்கள்; அவர்களும் வாக்கியத்துக்குள் வாக்கியத்தைச் செருகினார்கள். அதே குற்றத்தைக் கதையாக எழுதச் சொன்னபோதோ நடை நேராக ஓடியது. மந்திரத்துக்கு ஒரு தனி ஓசை வேண்டும் என்பதுபோல, அதிகாரமுள்ள எழுத்துக்கும் ஒரு முறுக்கு வேண்டும் என்று சாதாரண மக்களே எண்ணுகிறார்கள் என்பது ஆய்வாளர் தரும் விளக்கம்.

உங்கள் கடிதத்தைச் சுருக்கியே இங்கு அச்சிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் 'மேற்படி' ஏழு இடங்களில் வருகிறது.