முதல் பிரசவமும் பிள்ளை பிறந்த முதல் சில நாட்களும் உங்களுக்கு எப்படி இருந்தன?

என் மகளுக்கு இப்போது எட்டு மாதம். பிரசவ வலியைச் சொல்லித்தான் எல்லோரும் என்னைப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். அது ஒரு இரவும் ஒரு பகலுமாக முடிந்துவிட்டது. என்னை ஆட்டி வைத்தது அதற்கு அடுத்து வந்த ஐந்தாறு நாட்கள்தான்.

அம்மா வீடு தக்கலைப் பக்கம், கணவர் வீடு குளச்சல். பேறுகாலத்துக்கு அம்மா வீட்டில் இருந்தேன். ஜூன் மாதம், விடாத மழை. 39-ஆவது வாரத்தில் ஒரு நாள் இரவு பதினொன்றரைக்குப் பனிக்குடம் உடைந்தது. கார் வில்லுக்குறி தாண்டும்போது பத்து நிமிடத்துக்கு ஒரு வலி. நாகர்கோவிலில் மறுநாள் மாலை நான்கு மணிக்குப் பிறந்தாள், 2.9 கிலோ. சுகப்பிரசவம் என்றார்கள். தையல் போட்டுக்கொண்டு உட்கார முடியாமல் கிடந்தவளுக்குத்தான் தெரியும் அதில் எவ்வளவு சுகம் என்று.

முதல் பஞ்சாயத்து தேனில் தொடங்கியது. மாமி, என் கணவரின் அம்மா, ஒரு சின்னக் குப்பியில் மலைத்தேனும் உரசுவதற்கு ஒரு தங்க மோதிரமும் கொண்டு வந்திருந்தார். பிள்ளையின் நாக்கில் தொட்டு வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். சிஸ்டர் பார்த்துவிட்டு, "பாட்டி, ஒரு வயசு வரைக்கும் தேனே கூடாது" என்று தடுத்துவிட்டார். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து நரம்பைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கிவிடும். மாமி ஒன்றும் சொல்லாமல் குப்பியை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார். முகம்தான் சின்னதாகிப் போனது.

அடுத்தது பால். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பிள்ளையைப் பார்த்தார்களோ இல்லையோ, "பால் இருக்கா?" என்று கேட்டார்கள். சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், முதல் நாள் ஒரு வேளைக்குச் சில மில்லி போதும், பால் நன்றாக ஊறி வர இரண்டு மூன்று நாளாகும் என்பதெல்லாம் எனக்கு இன்று தெரியும். அன்று தெரிந்ததெல்லாம் பிள்ளை ராத்திரி முழுக்க அழுகிறாள் என்பது மட்டும். "பிள்ள கெடந்து கரையுது பாத்தியா, பாலு காணாது மக்களே" என்று அம்மாவே சொன்னபோது எனக்கும் அழுகை வந்துவிட்டது. பால் பவுடர் டின் வாங்க என் கணவர் மாடிப்படி வரை போய்விட்டார். ராத்திரி டூட்டி சிஸ்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் காம்பை மட்டும் பிள்ளையின் வாயில் வைத்துக்கொண்டிருந்தேன். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகிற மாதிரி, வாய் அகலத் திறக்கும்போது பிள்ளையை நெஞ்சோடு இழுத்துச் சேர்க்கக் கற்றுக் கொடுத்தார். அப்புறம், "எம்மா, யாரு என்ன சொன்னாலும் கேக்காத, மூத்திரத் துணிய எண்ணு" என்றார்.

பிறந்த பிறகு எனக்குக் கிடைத்த ஒரே உருப்படியான அறிவுரை அதுதான். முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு, ஐந்தாம் நாளிலிருந்து குறைந்தது ஆறு. கரும்பச்சையாகத் தார் போலப் போகிற மலமும் நாலைந்து நாளில் மஞ்சளாக மாற வேண்டும். இது இரண்டும் சரியாக இருந்தால் பால் இறங்குகிறது என்று அர்த்தம். அழுகையை வைத்துக் கணக்குப் போடக்கூடாது.

மூன்றாம் நாள் துணியில் ஒரு ரத்தத் துளி. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண் குழந்தைகளுக்கு அம்மாவின் ஹார்மோன் உடம்பிலிருந்து குறையும்போது இப்படி லேசாகப் படுவது உண்டாம், தானாகவே நின்றுவிடும். பிள்ளையின் மார்பு சிறிது வீங்கி ஒரு சொட்டுப் பால்கூட வரலாம், அதைப் பிதுக்கக் கூடாது. ஊரில் பிதுக்குகிற கிழவிகள் இன்னும் இருக்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அன்று மதியமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளைக்கு மஞ்சள் காமாலை வரலாம், இரண்டு நாளில் காட்டுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்த மருத்துவமனை மேல் எனக்கு உள்ள ஒரே கோபம் இது.

வீட்டில் மழை இருட்டு. கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துத் துணி தைத்திருந்தார்கள். ஒன்றுகூடக் காயவில்லை. முன்னறையில் கொடி கட்டி, மின்விசிறியைப் போட்டு, அதற்குக் கீழேதான் நானும் பிள்ளையும். எனக்குப் பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, கருப்பட்டி போட்ட சுக்கு மருந்து எல்லாம் தாராளமாகக் கிடைத்தன. தண்ணீர் மட்டும் கிடையாது, வயிறு ஊதிவிடுமாம். பால் கொடுக்கிறவள் தண்ணீர் குடிக்காமல் எப்படி? அம்மா குளிக்கப் போகும் நேரம் பார்த்துச் செம்போடு குடித்தேன். சுறாப் புட்டால் பால் ஊறியதா, பிள்ளை சரியாகச் சப்பியதால் ஊறியதா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். ஆனால் புட்டு பிரமாதமாக இருந்தது.

நான்காம் நாள் வந்த சித்தி, "பொன்னு கணக்கா நிறம் வருது பாரு" என்றார். அம்மாவும் ஆமாம் என்றார். எனக்கும் பெருமைதான். பிள்ளை அன்று அழவும் இல்லை, நன்றாகத் தூங்கினாள். பால் கொடுக்க எழுப்பினால்கூட நாலு சப்புச் சப்பிவிட்டு மறுபடி தூக்கம். கொடியில் அன்றைய துணி மூன்றுதான். எண்ணிப் பார்த்தபோது மனசுக்குள் ஏதோ இடறியது.

மறுநாள் காலை கிராம சுகாதார செவிலியர் வந்தார். பிள்ளையை வாங்கிக்கொண்டு நேரே திண்ணை வெளிச்சத்துக்குப் போய், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்திய இடம் மஞ்சள். நெஞ்சு, வயிறு, தொடை என்று கீழே போகப் போகவும் மஞ்சள்தான். "இது நிறமில்ல மக்களே, காமாலையாக்கும். இப்பமே கெளம்புங்க." பொன் நிறத்தின் ரகசியம் அது.

இந்த முறை வேறு மருத்துவமனை. ரத்தத்தில் பிலிருபின், அதாவது காமாலையில் கூடும் மஞ்சள் நிறமி, 18-ஐத் தாண்டியிருந்தது, எடையும் 2.65 கிலோவுக்கு இறங்கியிருந்தது. பிறந்த எடையில் கொஞ்சம் குறைவது எல்லாக் குழந்தைக்கும் உண்டு, பத்து சதவீதத்தை நெருங்கினால்தான் கவனிக்க வேண்டும் என்றார் டாக்டர். கண்ணைக் கட்டி நீல விளக்குக்குக் கீழே ஒன்றரை நாள். அந்த வெளிச்சம் தோலில் உள்ள பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றிவிடும், வெளியே போவது மலத்திலும் சிறுநீரிலும்தான். ஆகவே பால்தான் பாதி மருந்து. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளங்காலைச் சுண்டி எழுப்பிக் கொடுத்தேன். "காலை வெயில்ல காட்டினா போதுமே" என்று போனில் சொன்னவர்களுக்கு என் கணவர் நிதானமாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் காலையில் வெயிலுக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.

அந்த அறையில்தான் காரணமே இல்லாமல் உட்கார்ந்து அழுதேன். அது நிறையப் பேருக்கு வருவதுதான் என்றார்கள், எனக்கு ஒரு வாரத்தில் போய்விட்டது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பன்னிரண்டாம் நாள் பிறந்த எடையைத் தொட்டுவிட்டாள். தொப்புள்கொடி ஒன்பதாம் நாள் தானாக விழுந்தது, அதில் எண்ணெயோ பொடியோ எதுவும் போட நான் விடவில்லை. குளிப்பாட்ட வந்த பாட்டி, தேங்காய்ப்பாலைக் காய்ச்சி எடுத்த உருக்கெண்ணெய் தேய்த்துக் காலை நீட்டிக் கிடத்திக் குளிப்பாட்டும் அழகை நாள் முழுக்கப் பார்க்கலாம். மூக்கில் எண்ணெய் விட வந்தபோது மட்டும் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இருபத்தெட்டாம் நாள் அரைஞாண் கட்ட மாமி குளச்சலிலிருந்து வந்தார், ஒரு சீப்பு மட்டி வாழைப்பழத்தோடு. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது என்றாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான் என்றேன். சீப்பை நானே தின்று தீர்த்தேன். இப்போது பிள்ளை தினமும் ஒன்று தின்கிறாள், மாமிதான் மசித்து ஊட்டுகிறார். அந்தத் தேன் குப்பி இன்னும் அவர் அலமாரியில் இருக்கிறது. "இன்னும் நாலு மாசம்தானே" என்று போன வாரம்கூடக் கேட்டார்.