ஃபீனிக்ஸுக்கு எம்.எல்.எஸ். அணி வருமா? முன்பணம் கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: அரிசோனாவில் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்து ஊரான சேண்ட்லரில் இருக்கிறோம். மகனுக்குக் கால்பந்து என்றால் உயிர். எம்.எல்.எஸ். என்ற முதல்நிலைக் கால்பந்து லீக்கில் இப்போது 30 அணிகள், அது 32 ஆகும்போது அடுத்தது ஃபீனிக்ஸ்தான் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எங்களைவிடச் சின்ன ஊர்களான ஆஸ்டினுக்கும் நாஷ்வில்லுக்கும் கிடைத்த அணி எங்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? நாளைக்கு சீசன் டிக்கெட்டுக்கு முன்பணம் கேட்டால் கட்டலாமா?

பதில்: மக்கள்தொகைதான் கணக்கு என்றால் உங்கள் ஊருக்கு அணி எப்போதோ வந்திருக்க வேண்டும். ஃபீனிக்ஸ் அமெரிக்காவின் 5ஆவது பெரிய நகரம். சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 50 லட்சம் பேர். ஆனால் இந்த லீக் ஊர் ஊராகப் போய் அணி கொடுப்பதில்லை. பெரும் பணமும் கையில் ஒரு மைதானமும் உள்ள முதலாளி வந்து கேட்டால்தான் பேச்சே தொடங்கும்.

எம்.எல்.எஸ். சட்டப்படி ஒரே கம்பெனி. வீரர்களின் ஒப்பந்தம்கூட லீக்கோடுதான். அணி வாங்குகிறவர் அந்தக் கம்பெனியில் ஒரு பங்கையும், ஓர் ஊரில் அணி நடத்தும் உரிமையையும் வாங்குகிறார். புதிதாக ஒருவர் வந்தால் டி.வி. வருமானத்தை இன்னொரு பங்காகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஈடாகப் பழைய முதலாளிகள் கேட்பதுதான் நுழைவுக் கட்டணம். 2007இல் டொரன்டோ கொடுத்தது 1 கோடி டாலர். 2009இல் சியாட்டில் 3 கோடி. சின்சினாட்டி, நாஷ்வில், ஆஸ்டின் ஆகியவை தலா 15 கோடி. 2022இல் ஆடத் தொடங்கிய சார்லட் 32.5 கோடி. 2025இல் 30ஆவது அணியாக வந்த சான் டியாகோ 50 கோடி. இது வாசல் கட்டணம் மட்டும். ஸ்டேடியம், பயிற்சி மைதானம், சிறுவர் அகாடமி எல்லாம் தனிச் செலவு. ஆஸ்டினும் நாஷ்வில்லும் விலை ஏறுவதற்கு முன் உள்ளே போய்விட்டன. உங்கள் முதல் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி ஸ்டேடியம். முதல் டிவிஷன் லீக்கின் மைதானத்தில் குறைந்தது 15,000 இருக்கை வேண்டும், ஆடுகளம் குறைந்தது 110 கஜ நீளம், 70 கஜ அகலம் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பின் விதி. நடைமுறையில் எம்.எல்.எஸ். எதிர்பார்ப்பது 20,000க்கு மேல். உங்கள் ஊரில் அடுத்த நிலையான யு.எஸ்.எல். லீக்கில் ஆடும் ஃபீனிக்ஸ் ரைசிங்கின் மைதானத்தில் சுமார் 10,000 பேர்தான் உட்கார முடியும். ஆட்டத்தில் அந்த அணிக்குக் குறையே இல்லை, 2023இல் அந்த லீக்கின் சாம்பியனே அதுதான். ஆனால் ஆட்டத்தில் வென்று எம்.எல்.எஸ்.ஸுக்கு ஏற முடியாது. அங்கே பதவி உயர்வு என்ற ஏற்பாடே கிடையாது.

"கிளெண்டேலில் 63,000 பேர் உட்காரும் ஸ்டேட் ஃபார்ம் ஸ்டேடியம் இருக்கிறதே" என்று கேட்பீர்கள். அருமையான இடம். இயற்கைப் புல்தரை முழுவதும் ஒரு பிரம்மாண்டத் தட்டில் வளர்கிறது. ஆட்டம் இல்லாத நாட்களில் தட்டோடு உருண்டு வெளியே போய் வெயில் காய்கிறது, ஆட்டத்துக்கு முன் கூரைக்குள் வருகிறது. தென் அமெரிக்க நாடுகளின் கால்பந்துக் கோப்பையான கோப்பா அமெரிக்காவின் 2016, 2024 ஆட்டங்கள் அங்கே நடந்தன. சிக்கல் வேறு இடத்தில். அது அமெரிக்கன் ஃபுட்பால் ஆடும் கார்டினல்ஸ் அணியின் வீடு. வாடகைக்கு வரும் கால்பந்து அணிக்கு நல்ல தேதிகள் மிச்சமிருப்பதைப் பொறுத்துத்தான் கிடைக்கும். பார்க்கிங், உணவு, விளம்பரப் பலகை வருமானத்துக்கு வீட்டுக்காரரோடு பேரம் பேச வேண்டும். 20,000 பேர் வந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு அரங்கம் காலியாகத் தெரியும். அட்லான்டாவிலும் சார்லட்டிலும் பெரிய அரங்கம் சரிப்பட்டு வந்ததற்குக் காரணம், அந்தந்த ஊரில் கால்பந்து அணிக்கும் ஃபுட்பால் அணிக்கும் முதலாளி ஒருவரே. ஆர்தர் பிளாங்க், டேவிட் டெப்பர் இருவரும் ஏற்கெனவே அங்கே ஃபுட்பால் அணி வைத்திருந்தவர்கள். ஆகவே, "பெரிய ஸ்டேடியம் இருக்கிறது" என்று யாராவது சொன்னால், அதன் வருமானம் யாருக்குப் போகிறது என்று கேளுங்கள்.

2017 ஜனவரி இறுதியில் 12 ஊர்கள் விண்ணப்பித்தன, ஃபீனிக்ஸும் அதில் ஒன்று. அந்தப் பட்டியலுக்கு அப்புறம் நடந்ததைப் பார்த்தாலே லீக்கின் மனசு புரியும். செயின்ட் லூயிஸில் 2017 ஏப்ரலில், ஸ்டேடியத்துக்கு நகரப் பணம் கொடுப்பதை வாக்காளர்கள் மறுத்தார்கள். அடுத்த மாதமே ஃபுளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், மைதானத்தை நீண்ட காலக் குத்தகைக்கு விடலாம் என்று 87 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். மக்கள் வேண்டாம் என்ற செயின்ட் லூயிஸ் 2023இல் எம்.எல்.எஸ்.ஸில் ஆடத் தொடங்கியது, ஏனென்றால் உள்ளூர்ப் பணக்காரர்களான டெய்லர் குடும்பம் பெரும்பாலும் சொந்தப் பணத்தில் கட்ட முன்வந்தது. மக்கள் வேண்டும் என்ற செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு அணி கிடைக்கவில்லை.

அதைவிட வலிக்கும் கதை சாக்ரமென்டோவுடையது. 2019 அக்டோபரில் லீக்கே மேடை போட்டு, "உங்களுக்கு அணி உண்டு" என்று அறிவித்தது. கட்டணம் 20 கோடி டாலர். பெரும் பங்கு போட வேண்டியவர் கோடீஸ்வரர் ரான் பர்க்கிள். 2021 பிப்ரவரியில் அவர் விலகினார், அணியும் நின்றுபோனது. ரசிகர்கள் செய்த தவறு ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டே அந்த ஊரின் சின்ன லீக் அணி எம்.எல்.எஸ். அணிகளைச் சாய்த்து, எல்லா லீக் அணிகளும் மோதும் யு.எஸ். ஓபன் கோப்பையின் இறுதிவரை போனது. 2024இல் வில்டன் ரான்செரியா என்ற பழங்குடிச் சமூகம் அந்த அணியின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. ரயில்யார்ட்ஸ் பகுதியில் 12,000 இருக்கையில் தொடங்கி, 20,000 வரை விரிக்கும்படி ஸ்டேடியத் திட்டம் வைத்திருக்கிறார்கள். என் கணிப்பில், இப்படி மேலே விரிக்க முடிகிற வரைபடம் வைத்திருக்கும் ஊருக்கு, வரைபடமே இல்லாத பெரிய ஊரைவிட வாய்ப்பு அதிகம்.

மற்ற போட்டியாளர்களைச் சுருக்கமாகப் பார்ப்போம். லாஸ் வேகாஸ் 2021 இறுதியில் முன்னிலையில் நின்றது. அங்கே வெயிலுக்குக் கூரை போட்ட ஸ்டேடியம் இல்லாமல் முடியாது என்பதால் செலவு எகிறியது. அதற்குள் 35,000 பேர் உட்காரும் புது ஸ்டேடியத்தைத் தயாராக வைத்திருந்த சான் டியாகோ முந்திக்கொண்டது. இண்டியானாபொலிஸில் 2024 ஏப்ரலில் மேயர் ஜோ ஹாக்செட்டே முன்னின்று, ஸ்டேடியத்துக்குப் புது இடமும் வரி ஏற்பாடும் அறிவித்தார். நகரமே துணை நிற்பது பெரிய பலம், முதலாளியின் பணம்தான் அங்கே முடிவு செய்யும். டெட்ராய்ட் 2017இல் இறுதி நான்கு ஊர்களுக்குள் வந்தும், ஃபுட்பால் அணியின் அரங்கமான ஃபோர்டு ஃபீல்டைப் பகிர்ந்துகொள்ளும் யோசனையால் பின்தங்கியது. சான் அன்டோனியோவுக்குப் பக்கத்து ஆஸ்டினே தடை.

ஃபீனிக்ஸுக்கு உள்ள இன்னொரு தடை வெயில். 2023இல் தொடர்ந்து 31 நாட்கள் பகல் உச்ச வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையவில்லை, அதாவது 43 டிகிரி செல்சியஸுக்கு மேல். எம்.எல்.எஸ். 2027 ஜூலை முதல் சீசனை ஜூலையில் தொடங்கி மே மாதம் முடிக்கப்போகிறது. இது உங்களுக்குச் சாதகம். ஜூன் வெயில் தப்பும், பிப்ரவரி, மார்ச்சில் டெட்ராய்ட் உறையும்போது உங்கள் ஊரில் இதமான மாலை. ஆனாலும் ஜூலை கடைசியும் ஆகஸ்டும் அப்படியே நிற்கின்றன. நிழற்கூரையாவது இல்லாத வரைபடத்தை யாராவது காட்டினால் நம்பாதீர்கள்.

இனி செய்தியைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். "ஆர்வம் காட்டுகிறார்கள்" என்ற செய்திக்கு மதிப்பில்லை. நகர மன்றக் கூட்டங்களின் நிகழ்ச்சி நிரலை இணையத்தில் யாரும் படிக்கலாம். முதலில் ஒரு குறிப்பிட்ட நிலத்துக்குப் பிரத்யேகப் பேச்சுவார்த்தை ஒப்பந்தம் (நகரம் அந்தக் குழுவோடு மட்டும் பேசும் என்ற உறுதி) வரும். அதன் பின் மேம்பாட்டு ஒப்பந்தம், குத்தகை, கட்டட அனுமதி. மேம்பாட்டு ஒப்பந்தம் மன்றத்தில் நிறைவேறினாலும் உடனே கொண்டாடாதீர்கள். அரிசோனா சட்டப்படி, 30 நாட்களுக்குள் போதிய கையெழுத்து சேர்ந்தால் இப்படிப்பட்ட சில முடிவுகளைப் பொது வாக்கெடுப்புக்கு இழுக்க முடியும். உங்களுக்குப் பக்கத்திலேயே, டெம்பேயில், 2023 மே மாதம் கயோட்டீஸ் ஐஸ் ஹாக்கி அணியின் அரங்கத் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. அடுத்த ஆண்டே வீரர்கள் மொத்தமாக யூட்டாவுக்குப் போய்விட்டார்கள். அந்தத் திட்டத்தில் குடியிருப்புகள் வருவதை எதிர்த்து, விமான நிலைய இரைச்சல் ஒப்பந்தத்தைக் காட்டி ஃபீனிக்ஸ் நகரமே வழக்குப் போட்டிருந்தது. ஃபீனிக்ஸ் விமான நிலையமான ஸ்கை ஹார்பர் அருகே எந்த நிலத்தைச் சொன்னாலும், கூடவே வீடுகள் கட்டுகிறார்களா என்று பாருங்கள்.

இன்னொரு வழியும் உண்டு, இருக்கும் அணியே இடம் மாறுவது. 2005 சீசன் முடிந்ததும் சான் ஹோசேயின் வீரர்களும் பயிற்சிக் குழுவும் ஹூஸ்டனுக்குப் போனார்கள். 2024 டிசம்பரில் வான்கூவர் அணி விற்பனைக்கு வந்தது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் அணி இல்லாத பெரிய ஊர்களின் பெயர் அடிபடும், அதில் உங்கள் ஊரும் இருக்கும். வாங்குகிறவர் எந்த ஊரில் ஸ்டேடியத்துக்கு இடம் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள்.

முன்பணத்துக்கு வருவோம். பணம் கேட்பது யார் என்று முதலில் பாருங்கள். அணி உரிமையை லீக் அறிவித்த பின் அந்த அணி கேட்டால் சரி. உரிமை கேட்டுக்கொண்டிருக்கும் குழு கேட்டால், அது ஆதரவு எண்ணிக்கையைக் காட்டச் சேர்க்கும் பட்டியல்தான். ரசீதில் நான்கு விஷயம் எழுத்தில் இருக்க வேண்டும்: அணி வராவிட்டால் முழுப் பணமும் திரும்புமா, எத்தனை நாளில், முன்பணம் டிக்கெட் விலையில் கழியுமா, கிடைப்பது இருக்கையா வரிசை எண்ணா. இருக்கை உரிமை என்று தனிக் கட்டணம் பின்னால் வருமா என்றும் கேளுங்கள், சார்லட்டில் சில பகுதிகளுக்கு அப்படி வாங்கினார்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், ஏமாற்றம் நேர்ந்தால் மறுப்புத் தெரிவிக்க வழி இருக்கும்.

அறிவிப்புக்குப் பிறகும் காலம் ஆகும். ஸ்டேடியம் தயாராக இருந்த சான் டியாகோவுக்கே 2023 மே முதல் 2025 பிப்ரவரிவரை 21 மாதம். புதிதாகக் கட்டிய செயின்ட் லூயிஸுக்கு, கோவிட் தாமதமும் சேர்த்து, மூன்றரை ஆண்டு. இங்கிலாந்தின் முன்னாள் நட்சத்திர வீரர் டேவிட் பெக்கம் 2014இல் அறிவித்த மயாமி அணி முதல் ஆட்டம் ஆடியது 2020இல். உங்கள் மகனுக்கு இப்போது பத்து வயது என்றால், எம்.எல்.எஸ். ஆட்டத்தை உள்ளூரில் பார்க்கும்போது அவன் உயர்நிலைப் பள்ளியில் இருக்கலாம். அதுவரை ஃபீனிக்ஸ் ரைசிங் ஆட்டத்துக்கு அழைத்துப் போங்கள். மார்ச், ஏப்ரல் மாலை ஆட்டங்களாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள்.