குழந்தை நலம் – கேள்வி பதில்: மூச்சை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: ஏற்காட்டில் காப்பித் தோட்டக் குடியிருப்பில் வசிக்கிறோம். என் மகளுக்கு நான்கு மாதம். மூன்று நாட்களாகச் சளி பிடித்து, நெஞ்சில் கர்கர் என்று சத்தம் கேட்கிறது, காய்ச்சல் இல்லை. தலைக்கு ஊற்றி, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதினால் சளி இறங்கிவிடும் என்கிறார் என் மாமியார். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிக் குழந்தையைச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய நிலை எது என்று எப்படித் தெரிந்துகொள்வது, டாக்டர்?

பதில்: மூக்கில் எண்ணெய் மட்டும் வேண்டாம் அம்மா. உங்கள் மாமியார் அன்பினால்தான் சொல்கிறார். அவர் காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த வழக்கம் அது. ஆனால் மூக்கில் விடும் எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கித் தங்கி, ஒருவகை நிமோனியாவை உண்டாக்கிவிடும். ஊதுகிறவரின் வாயில் உள்ள கிருமிகளும் அதோடு உள்ளே போகும்.

கர்கர் சத்தம் பெரும்பாலும் மூக்கில் தங்கிய சளியின் சத்தமே. காய்ச்சல் இல்லை என்பதால் நிம்மதி அடையவும் கூடாது, சத்தம் கேட்கிறது என்பதால் பதறவும் வேண்டாம். குழந்தை அமைதியாக இருக்கும்போதோ தூங்கும்போதோ சட்டையை மார்புக்கு மேலே ஏற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில் வயிற்றைப் பாருங்கள். வயிறு ஒருமுறை எழுந்து தாழ்ந்தால் ஒரு மூச்சு. கைப்பேசியில் நேரம் வைத்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்; கைக்குழந்தையின் மூச்சு சீராக இராது என்பதால், கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கினால் கணக்குத் தவறிவிடும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் மகளின் வயதில் அடிக்கடி வருவது, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ்கள் நுரையீரலின் மிக மெல்லிய மூச்சுக்குழல்களை வீங்கச் செய்து சளியால் அடைக்கும் பிராங்கியோலைட்டிஸ் என்ற நோய். சாதாரணச் சளியாகத் தொடங்கும் இந்நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் உச்சத்தைத் தொடும் என்பதால், இன்றும் அடுத்த சில நாட்களும் காலையும் மாலையும் தவறாமல் எண்ணுங்கள். பாலூட்டுவதற்கு முன் உப்பு நீர்ச் சொட்டு மருந்தை மூக்கில் விட்டுத் துடைத்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிகூடக் குடிக்காவிட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, மூச்சுக்கு மூச்சு முனகினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். நள்ளிரவானாலும் 108-ஐ அழைத்துவிடுங்கள். பனி மூடிய மலைப்பாதையில் இருசக்கர வாகனத்தில் குழந்தையை ஏற்றி இறங்காதீர்கள் என்று உங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: சேலம் அம்மாபேட்டையில் இருக்கிறோம். மூன்று வயது மகன் பால்வாடிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து மாதம் ஒருமுறை சளியும் இருமலும் வருகின்றன. சென்ற முறை வாங்கிய இருமல் மருந்தும் ஆன்டிபயாடிக்கும் மீதம் இருக்கின்றன. அவற்றையே கொடுக்கலாமா?

பதில்: இரண்டையும் கொடுக்காதீர்கள். இந்த வயதில் ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு முறை சளி பிடிப்பது இயல்பு. அவற்றில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை, வைரஸை ஆன்டிபயாடிக் ஒன்றும் செய்யாது. மத்தியப் பிரதேசத்தில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2025 அக்டோபரில் மத்திய சுகாதாரத் துறை, இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருமல், சளி மருந்துகளை எழுதவே கூடாது என்றும், ஐந்து வயது வரை பொதுவாகப் பரிந்துரைக்கத் தக்கவை அல்ல என்றும் அறிவுறுத்தியது. படுக்கும் முன் அரைத் தேக்கரண்டி தேன் கொடுங்கள், அது போதும். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. கற்பூரத்தைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதும் வேண்டாம். கற்பூரம் உடலில் ஏறினால் வலிப்பு வரும்.

சளி இல்லாத நாட்களிலும் இரவில் இருமுகிறானா, ஓடி விளையாடினால் இளைப்பு வருகிறதா என்று கவனியுங்கள். அப்படியிருந்தால் ஆஸ்துமாவா என்று பார்க்க வேண்டும். இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயத்தில் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அப்படிப் பழகிவிடும் மருந்து அல்ல அது. சாம்பிராணி, கொசுவர்த்தி, பீடிப் புகை எதுவும் அவன் தூங்கும் அறையில் இருக்கக் கூடாது.

கேள்வி: நிமோனியா தடுப்பூசியைப் பணம் கட்டித்தான் போட வேண்டுமா? – ஓமலூர் வாசகி

பதில்: வேண்டியதில்லை. நிமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு அட்டவணையிலேயே இருக்கிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று முறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசி கக்குவான் இருமலையும் தடுக்கிறது. தவணை ஏதும் விட்டுப்போயிருந்தால், தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.